காற்றடித்தால் தூங்கும் பெட்டி

வீபே ஹூக்ஸ்ட்ரா ஒரு சாமானைச் சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால், அவன் மனைவி அலைடா அதை உடனே நம்பிவிட மாட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு நாள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பாள். வீபே நல்ல கைவேலைக்காரன், அதில் சந்தேகமில்லை. கராஜைக் கட்டியவன் அவன், அதற்குள் மின்சாரக் கம்பி இழுத்தவன் அவன், வீட்டிலிருந்து கராஜ் வழியாகப் பின்னால் இருக்கும் பட்டறைவரை மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைத்தவனும் அவனே. ஆனால் வேலை முடிவதற்கு முன்பே மார்தட்டிக்கொள்ளும் சுபாவம் அவனோடு கூடப் பிறந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவன் தட்டிய தட்டெல்லாம் ஒரே ஒரு பெட்டிக்காக.

பெட்டி ரொட்டி டப்பா அளவுதான். கறுப்பு நிறம். பட்டறையின் சின்ன அறையில், ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் அலைடாவின் லேப்டாப்பில் எது மாறினாலும், அடுத்த நிமிடமே அதன் நகல் கேபிள் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் திரையின் மூலையில் பச்சை டிக் வரும். சேராவிட்டால் 'சேமிப்புப் பெட்டியைக் காணவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி வரும். போன வருடம் காற்றோடு வந்த புல்வெளித் தீ பக்கத்துப் பண்ணை வீட்டை ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் சாம்பலாக்கியதைப் பார்த்த பிறகு, லேப்டாப்பும் நகலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று அலைடா கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால்தான் பட்டறை.

அலைடா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். லெத்பிரிட்ஜ் நகரத்துக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவள் பேருந்தை எல்லோருக்கும் தெரியும். அவள் இசை எழுதுகிறவள் என்பது பல பேருக்குத் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன்னால், தேவாலயச் சபைப் பாடகர் குழுவுக்கென்று ஒரு பெரிய பாடலை இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து எழுதினாள். முடிகிற நேரத்தில் கம்ப்யூட்டர் செத்துப்போனது. நகல் இருந்த பென் டிரைவ் வீபேயின் ஜீன்ஸ் பையிலிருந்து துணியோடு சேர்ந்து துவைந்து, சோப்பு மணக்க வெளியே வந்தது. நினைவிலிருந்து மறுபடி எழுதப் பார்த்தாள். வாலும் தலையும் வந்தன, உடம்பு வரவில்லை. பியானோவின் மூடியைச் சாத்தினாள். அதை மறுபடி திறக்க அவளுக்கு மூன்று வருடம் ஆனது.

இப்போது சபையின் ஆண்டுவிழாவுக்காகப் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது பகுதி. எட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவது மனசுக்குள் முழுதாகக் கேட்டது, பேருந்து ஓட்டும்போதெல்லாம் உள்ளே பாடிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒரு சுரத்தைக்கூட இன்னும் எழுதவில்லை. பச்சை டிக் ஒரு வாரம் விடாமல் வந்தால்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் தெரிந்தவர்கள் இணையத்தில் ஏற்றி வையேன் என்றார்கள். அவர்கள் வீட்டு இணையம் கூரைமேல் இருக்கிற ஒரு கிண்ண ஆன்டெனாவிலிருந்து வருவது, காற்றடித்தால் கிண்ணம் ஒரு பக்கம், இணையம் ஒரு பக்கம். அச்சடித்து வையேன் என்றார்கள். தினமும் நாலு இடத்தில் அழித்துத் திருத்துகிறவளுக்கு அச்சு எதற்கு? பென் டிரைவ் என்ற பேச்சை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

முதல் தடவை சிவப்பு வரி வந்தபோது வீபே லேப்டாப்பை அணைத்துப் போட்டான், ரவுட்டரைப் பிடுங்கிச் செருகினான், வீட்டுப் பக்கம் இருந்த கேபிளைப் புதிதாக மாற்றினான். பகலெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் வெளியே குளிர் இறங்கியது, பச்சை டிக் வந்து உட்கார்ந்தது.

"கேபிள்தான். நான் அப்பவே நினைச்சேன்," என்றான் வீபே.

"அப்பவே நினைச்சிருந்தா ரவுட்டரை ஏன் பிடுங்கின?"

"எல்லாத்தையும் பாக்கணும்ல."

ஒரு வாரம் ஓடியது. மறுபடி சிவப்பு. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தான், மறுநாள் காலை பச்சை. "மென்பொருள்தான்" என்றான். மறுபடி சிவப்பு. கடவுச்சொல்லை மாற்றினான், பெட்டியின் பெயரை மாற்றினான், பச்சை வந்தது. "பேருதான் குழப்பம்" என்றான். ஒவ்வொரு தடவையும் வைத்தியம் பலித்தது, ஒவ்வொரு தடவையும் நோய் திரும்பி வந்தது. அலைடா கடைசியில் அவனிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் வீபேயைப் பயமுறுத்தியது. நான்கு வருடத்துக்கு முன்னால் பியானோவைச் சாத்திய அன்றும் அவள் இப்படித்தான் பேசாமல் இருந்தாள்.

வேறு வழியில்லாமல் தம்பி ஷூர்டைக் கூப்பிட்டான். ஷூர்ட் லெத்பிரிட்ஜில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணனைக் கிண்டலடிக்க ஒரு காரணம் கிடைத்தால் எத்தனை மைல் வேண்டுமானாலும் வண்டி ஓட்டி வருவான்.

அவன் வந்த அன்று மேற்கே மலைகளுக்கு மேல் மேகம் வில்லாக வளைந்து நின்றது. குளிர்காலத்தின் நடுவே மலையிறங்கி வரும் வெப்பமான சினூக் காற்று வீட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மூக்கு உறைகிற குளிர், இன்று கூரையெல்லாம் உருகிச் சொட்டுகிறது. அலைடா கண்ணைச் சுருக்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். சினூக் வந்தால் அவளுக்குத் தலைவலி வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், ஊரில் இன்னும் பலருக்கும் உண்டு.

ஷூர்ட் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனான். ஒரு குட்டிக் கம்பியால் அதைப் பெட்டியோடு நேரடியாக இணைத்தான். கண் மூடித் திறப்பதற்குள் பச்சை டிக்.

"பெட்டி கல்லு மாதிரி இருக்கு. லேப்டாப்பும் நல்லா இருக்கு. கோளாறு நடுவுல," என்றான். "கராஜ்ல ரெண்டு கேபிளையும் சேர்க்கிற சின்ன இணைப்புப் பெட்டி ஒண்ணு வச்சேல்ல, அதைப் பாத்தியா?"

"என்னை என்னன்னு நினைச்ச? போன வாரம் மைனஸ் முப்பதுல ஏணி போட்டு ஏறிப் பாத்தேன்டா. விளக்கெல்லாம் ஜம்முனு மினுக்குது."

"அப்ப மண்ணுக்குள்ள கேபிள் விரிஞ்சிருக்கு. சில நாள் தொடுது, சில நாள் தொடல. வளை தோண்டுற கோஃபர் அணில் ஏதாவது கடிச்சிருக்கும். நீதான் குழாய் போடாம அப்படியே புதைச்சியே."

"கோஃபர் இப்ப தூங்குது," என்றாள் அலைடா, நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

"தூங்கப் போறதுக்கு முன்னாடி கடிச்சிருக்கும், அலைடா. தூங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொறிக்கிற பழக்கம் உன் புருஷனுக்கும் உண்டு."

முடிவு அதுதான்: தோண்டுவது. தரை இரும்பாக உறைந்து கிடக்கிறது, இருந்தாலும் வீபே பக்கத்துப் பண்ணையில் தோண்டும் இயந்திரத்தைக் கேட்டு வைத்தான். சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பாடகர் குழுவை நடத்தும் ஹார்மன் போன் பண்ணினார். நிதானமான மனிதர், கெட்ட செய்தியைக்கூடத் தாலாட்டு மாதிரி சொல்வார்.

"அலைடா, நான் அவசரப்படுத்தலை. ஆனா நாளன்னிக்கு ஞாயிறு போய் அடுத்த ஞாயிறு விழா. கடைசிப் பகுதி அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியாவது கைக்கு வரலைன்னா, எட்டோட நிறுத்திக்கலாம். நல்லாத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும், ஹார்மன்," என்றாள் அலைடா. முதல் பாட்டு தொலைந்ததற்கு அவள் யாரையும் பழி சொல்லவில்லை. இதுவும் வாலில்லாமல் போய்விட்டால் இனி வாழ்நாளில் எழுத மாட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் காற்று மறுபடி மேற்கிலிருந்து வந்தது. அலைடா திரைகளை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாள். தோண்டும் இயந்திரம் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்த வீபே மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, போனில் ஷூர்டுக்கு, என்றென்றைக்குச் சிவப்பு வந்தது என்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. வீபேக்கு இரகசியமாகப் பேசத் தெரியாது.

"போன மாசம் ஒன்பதாம் தேதி," என்றான்.

"அன்னைக்கு உங்க அக்கா கேக் எடுத்துட்டு வந்தா," என்று சோபாவிலிருந்து குரல் வந்தது. "நான் எந்திரிச்சே வரல. இன்னிக்கும் அதைச் சொல்லிக்காட்டுறா."

"பதினேழு."

"ஹார்மன் வீட்டுக் கூரைத் தகடு பறந்து போச்சே, அன்னைக்கு. நான் பஸ்ஸை வேற ஆளுகிட்ட குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். கண்ணைத் திறக்க முடியல."

"நான் வந்த புதன்கிழமை, அதுவும் சேத்துக்கோ," என்றான் ஷூர்ட். "அப்புறம் இன்னிக்கு. வீபே, எனக்குப் புரிஞ்சு போச்சு. உன் பெட்டிக்கும் உன் பொண்டாட்டிக்கும் ஒரே வியாதி. மாத்திரையைப் பாதியாப் பிச்சு ரெண்டு பேருக்கும் குடு."

அண்ணன் தம்பி இருவரும் சிரித்தார்கள். அலைடா சிரிக்கவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"கிண்டலுக்குச் சொன்னான், அலைடா."

"கிண்டல் இல்ல. எனக்கு வலிக்கிற அன்னைக்கு எல்லாம் அது நின்னு போகுது. குளிர் திரும்பி வந்தா அதுவா வேலை செய்யுது. நீ ஒரு தடவைகூட எதையும் சரி பண்ணல, வீபே. குளிர்தான் சரி பண்ணுது."

வீபேயின் முகம் சுருங்கியது. அவள் விடவில்லை.

"நம்ம வீட்ல குளிர்ல மட்டும் வேலை செய்யற சாமான் என்ன?"

"என் முழங்கால் வலி," என்றான் வீபே வழக்கம்போல. சொன்ன வாய் அப்படியே திறந்து நின்றது. அவன் காது மடல் மெல்லச் சிவந்தது. போனில் ஷூர்ட் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வீபே காலுறையோடு கராஜுக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் ட்ரக்கின் எஞ்சினுக்கு இரவில் மின்சாரம் கொடுத்துச் சூடாக வைக்காவிட்டால், காலையில் வண்டி கிளம்பாது. வாசலுக்கு வாசல் வண்டியின் மூக்கிலிருந்து ஒரு கம்பி தொங்கும். வீபே சிக்கனக்காரன். சினூக் நாளில் எஞ்சினுக்குச் சூடு எதற்கு என்று, குளிர் கடுமையானால் தானாகவே மின்சாரம் விட்டு, குளிர் தணிந்தால் தானாகவே நிறுத்தும் பிளக் ஒன்றைக் கராஜில் போட்டிருந்தான். பல வருடத்துக்கு முன்னால் போட்டது. அதில் மூன்று துளை உள்ள ஒரு நீட்டிப்புப் பலகை, அதில் ஒன்றில் ட்ரக். டிசம்பர் மாதக் கடுங்குளிரில், விரல் விறைத்து நின்றுகொண்டு இணைப்புப் பெட்டியை மாட்டியபோது, எட்டுகிற தூரத்தில் காலியாக இருந்த துளையில் அதையும் செருகிவிட்டான். செருகியதும் விளக்கு எரிந்தது. மார்தட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

அலைடா ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, பனிக்கால பூட்ஸைக் கயிறு கட்டாமல் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். வீபே ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏறத் துணிவு இல்லை. அவள் அவனை ஓரமாக நகர்த்திவிட்டுத் தானே ஏறினாள். உத்தரத்தின்மேல், சோப்புப் பெட்டி அளவில், தூசி படிந்து இருந்தது இணைப்புப் பெட்டி. ஒரு விளக்கும் எரியவில்லை. காற்றடித்தால் அவள் படுத்துக்கொள்வது மாதிரி, அதுவும் நிம்மதியாகப் படுத்துவிட்டது.

"தூங்குது," என்றாள்.

வீபே ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

அதைப் பிடுங்கி, பாதி மாட்டின் இறைச்சி கிடந்த பெரிய உறைபெட்டி மாட்டியிருந்த நல்ல பிளக்கின் இன்னொரு துளையில் செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்கின. ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் அவள் போன வேகத்தைப் பார்த்தால் யாரும் தலைவலிக்காரி என்று சொல்ல மாட்டார்கள். மேஜையில் லேப்டாப்பின் முன்னால் நின்றாள். சிவப்பு வரி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தது. பிறகு மறைந்தது. பச்சை டிக் வந்தது. ஜன்னலுக்கு வெளியே சினூக் மரத்தை வளைத்துக்கொண்டிருந்தது.

"ஷூர்ட், இருக்கியா?" என்றாள் போனில்.

"இருக்கேன். யாராவது செத்துட்டாங்களா?"

"உன் கோஃபருக்கு விடுதலை. தூங்கட்டும்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஷூர்ட் சிரித்த சிரிப்பு போனை மேஜைமேல் நகர வைத்தது. "வீபே, அந்தத் துளையில உறைபெட்டியைச் செருகியிருக்கலாம்டா. பாதி மாடு அழுகி, முதல் வாரமே உனக்குச் சொல்லியிருக்கும்."

வீபே தோண்டும் இயந்திரம் வேண்டாம் என்று சொல்லப் போனான். அந்த நிமிடம் வீட்டில் இருப்பதைவிட அது சௌகரியமாக இருந்தது.

ஒரு வாரம் விடாமல் டிக் வர வேண்டும் என்ற பிடிவாதத்தை அலைடா அன்றே விட்டுவிட்டாள். நோயின் பெயர் தெரிந்துவிட்டது, இனி பயமில்லை. மத்தியானம் எழுத உட்கார்ந்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது, அதோடேயே எழுதினாள். பேருந்தில் அத்தனை வாரம் உள்ளே பாடிய பாட்டு வரிசையாக இறங்கி வந்தது. எல்லாக் குரலும் ஒன்று சேர்ந்து மெல்ல ஏறி, கடைசியில் ஒரே சுரத்துக்கு இறங்கி நிற்கும். ஞாயிறு கோவிலுக்குப் போன நேரமும் பேருந்து நேரமும் போக, மற்ற நேரமெல்லாம் எழுதினாள். சமையல் வீபே. அவனுக்குத் தெரிந்தது பட்டாணி சூப் மட்டும், அதையே தினமும் சாப்பிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் முடிந்தது. கடைசி நேரத்தில், கோட்டை மாட்டிக்கொண்ட பிறகு, ஏதோ உறுத்தி மறுபடி உட்கார்ந்தாள். முடிவில் ஆல்டோ என்கிற தாழ்குரலில் பாடும் பெண்கள் மற்றவர்களோடு சேர்ந்து கீழே இறங்குவதாக எழுதியிருந்தாள். எதற்கு இறங்க வேண்டும்? அவர்களை மட்டும் மேலே ஏற்றி வைத்தாள். பியானோவில் ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். சரி, இப்போது முடிந்தது. கோவிலில் ஹார்மன் அச்சு இயந்திரத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"நான் தூக்கிட்டு வர்றேன்," என்றான் வீபே. லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே வந்தான். அன்றைக்கும் சினூக்தான். ட்ரக்கின் கதவு பூட்டியிருந்தது. சாவிக்காகப் பையைத் துழாவ, லேப்டாப்பை ஒரு நிமிடம் ட்ரக்கின் பின்பலகையின் விளிம்பில் வைத்தான்.

ஒரு வீச்சு வந்தது. மூடி சிறகு மாதிரி விரிந்தது. லேப்டாப் எழும்பிப் போய் வாசலில் நின்ற எரிபொருள் தொட்டியின் இரும்புக் காலில் மோதி, இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி சரளைக் கல்லிலும் ஒரு பாதி உருகின பனிச் சேற்றிலும் விழுந்தது.

வீபே நின்ற இடத்தில் நின்றான். சாவி கையில் இருந்தது. தொப்பி பறந்துபோனதுகூட அவனுக்குத் தெரியவில்லை. வாசற்படியில் நின்ற அலைடாவைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

அலைடாவின் மூக்கில் ஒரு கணம் துவைந்த பென் டிரைவின் சோப்பு மணம் வந்து போனது. பிறகு அவள் படி இறங்கினாள். உடைந்த துண்டுகள் பக்கம் திரும்பவே இல்லை. கராஜ் கதவைத் திறந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

"வீபே, பட்டறையில உன் பழைய கம்ப்யூட்டர் இருக்குல்ல, உதிரிப் பாகத்துக்குப் பேரம் பேசுவியே, அதை எடு. வா."

பட்டறையின் சின்ன அறையில், ஹீட்டர் பக்கத்தில், இருவரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்தார்கள். கறுப்புப் பெட்டி ஒன்றும் நடக்காத மாதிரி ரீங்காரமிட்டது. பழைய கம்ப்யூட்டர் முனகி முனகிக் கோப்புகளை இறக்கியது. முதல் பகுதி வந்தது. இரண்டாவது வந்தது. எட்டாவது வந்தது. ஒன்பதாவதைத் திறந்தாள், பக்கம் பக்கமாக உருட்டிக் கடைசி வரிக்கு வந்தாள்.

ஆல்டோ மேலே இருந்தது. அன்று காலையில், கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சினூக் அடிக்க அடிக்க அவள் ஏற்றி வைத்த சுரம். அதுவும் வந்து சேர்ந்திருந்தது.

"எல்லாம் இருக்கா?" என்றான் வீபே.

"எல்லாம் இருக்கு. நீ தூக்கிப் போட்டதைத் தவிர."

அவனுக்கு அழுகை வந்தது. அவள் ஓங்கிச் சிரித்தாள். நான்கு வருடம் முன்னால் சிரிக்க முடியாத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது போல, வாளியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. பிரசங்கம் தொடங்கியதும் வழக்கம்போலப் பெஞ்சுக்குப் பெஞ்சு பெப்பர்மிண்ட் மிட்டாய் கை மாறியது. ஷூர்ட் லெத்பிரிட்ஜிலிருந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, வீபேயைப் பார்க்கும்போதெல்லாம் பிளக் செருகுவது மாதிரி கையைக் காட்டினான். பாடகர் குழுவில், கனத்த குரல்காரர்களின் பாஸ் வரிசையில் நின்ற வீபே அதைக் கண்டுகொள்ளவில்லை. அவன் காலையில் கிளம்புவதற்கு முன்பு ஏணி போட்டு ஏறி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

வெளியே சினூக் கூரையைப் பிடித்து ஆட்டியது. அலைடாவின் நெற்றிப்பொட்டில் வலி தெறித்தது. மூன்றாவது பெஞ்சில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹார்மன் கையை உயர்த்தினார். எட்டுப் பகுதியும் முடிந்து, ஒன்பதாவது ஏறத் தொடங்கியது. நாற்பது குரலும் ஒன்றாக வந்து கடைசிச் சுரத்தில் நிற்கும்போது, ஆல்டோ மட்டும் மேலே போய் நின்றது.

கோவில் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கிணுகிணுவென்று அதிர்ந்தன. பிறகு காப்பி குடிக்கும்போது, அது காற்றின் வேலை என்றான் வீபே. அலைடா ஒத்துக்கொள்ளவில்லை.